நூற்றுப் பன்னிரண்டு நாள் காமாலை

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என்னை 'ஓய்வு பெற்ற குமாஸ்தா' என்று போட்டு, புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு நாலு நல்ல விஷயம் எழுதிக் கொடு என்று வக்கீல் குமாஸ்தா சங்கத்து மலர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. முடி ஒன்றுகூட நரைக்கவில்லை. இருந்தாலும் பத்து வருடம் ஒரு வக்கீலம்மாவிடம் கேஸ் கட்டு தூக்கியவன் என்பதால் ஓய்வு பெறும் தகுதி வந்துவிட்டது என்று முடிவு செய்திருப்பார்கள் போலிருக்கிறது. படிப்பு, பதினொன்றாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதியை இந்த ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டு வராண்டாவில் படித்தேன்.

தம்பிகளே, தங்கச்சிகளே! கட்டு எப்படிக் கட்டுவது, ஸ்டாம்பு எங்கே ஒட்டுவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை ஒரு வாரத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். கற்காவிட்டால் திட்டு வாங்கிக் கற்றுக்கொள்வீர்கள். நான் வகையாக மாட்டிக்கொண்ட ஒரே ஒரு சமாச்சாரத்தை மட்டும் சொல்கிறேன். அதற்குப் பெயர் மஞ்சள் காமாலை.

நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டு ஒரு அம்மா வழக்குப் போடுகிறார். கணவனுக்குச் சம்மன் போகிறது. அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால், அந்த அம்மா சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு மாதம் இவ்வளவு கொடு என்று உத்தரவு போட்டுவிடுவார்கள். அதை ரத்து செய்து மறுபடி விசாரியுங்கள் என்று கேட்கக் கணவனுக்கு மூன்று மாதம் அவகாசம் உண்டு. மூன்று மாதமும் தாண்டிவிட்டால், 'ஐயா, தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்' என்று தனியாக ஒரு மனு போட வேண்டும். கூடவே ஏன் தாமதம் என்று சத்தியம் செய்து ஒரு அஃபிடவிட்டு. தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் காரணம் வேண்டும் என்பார்கள். அந்தக் காரணத்தை டைப் அடிப்பது யார்? நாம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோதே எங்கள் கம்ப்யூட்டரில் அந்த வாசகம் தயாராக இருந்தது. 'மனுதாரர் மஞ்சள் காமாலை நோயால் பாதிக்கப்பட்டு, நாட்டு மருந்து உட்கொண்டு, படுத்த படுக்கையாக இருந்தபடியால்...' பெயரை மாற்று, தேதியை மாற்று, பிரிண்ட் கொடு. ஏன் காமாலை என்று கேட்பீர்கள். சர்க்கரை என்றால் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்பார்கள். கால் முறிவு என்றால் எக்ஸ்ரே கேட்பார்கள். காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன் என்று சொன்னால் எந்தச் சீட்டும் கேட்க முடியாது. கீழாநெல்லி பில் போட்டுத் தராது.

என் கையால் நான் காமாலை கொடுத்தவர்களைச் சேர்த்தால் ஒரு டவுன் பஸ்ஸு நிறையும், படியிலும் நாலு பேர் தொங்குவார்கள். வேலித் தகராறு, பாகப்பிரிவினை, பேங்கு லோன், எல்லாவற்றுக்கும் அதே நோய்தான். வேப்பூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அஃபிடவிட்டைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏம்பா, எனக்கு இவ்ளோ நாளா காமாலயா? வூட்ல யாருமே சொல்லலியே" என்றார். "மனுவுக்கு நம்பர் விழுந்ததும் சரியாயிடும் பெரியவரே" என்றேன். இப்படிச் சிரித்துக்கொண்டே பத்து வருடத்தில் ஆறேழு வருடம் ஓடிவிட்டது.

ராஜாங்கம் வந்தது ஒரு அக்டோபர் மாதம். நம்மூர் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை பார்க்கும் ஆள். பீங்கான் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் வேகும் சூளைக்குச் சூடு ஏற்றுவது, நிறுத்துவது, ஆறவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். சட்டையில் வெள்ளை மாவு. நாற்காலியைக் காட்டினால் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ரகம்.

"போலீஸு வந்துச்சி தம்பி. நான் சாப்பாட்டுக்குப் போயிருந்தன். மொதலாளிகிட்ட எம் பேரச் சொல்லிக் கேட்டுட்டுப் போயிருக்காங்க. வாரண்ட்டாம்."

விஷயம் இதுதான். அவர் மனைவி கலைவாணி தனியாக வந்துவிட்டார். பொம்மைக்கு வர்ணம் அடிக்கும் வேலை. தனக்கு எதுவும் வேண்டாம், ஐந்து வயது மகள் இனியாவுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று வழக்குப் போட்டிருந்தார். ராஜாங்கம் ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை. அவர் சூளையில் பங்குதாரர் என்று கலைவாணி சாட்சி சொல்லியிருந்தார். அந்த வருமானத்துக்கு ஏற்றபடி மார்ச்சில் உத்தரவு ஆகிவிட்டது. ஆனால் மனிதர் வெறும் கூலி ஆள். உத்தரவுத் தொகை அவர் கூலியில் முக்கால்வாசி. கட்டாததால் வாரண்ட். உள்ளே போனால் சூளைக்கு வேறு ஆள் வந்துவிடுவான். வேலை போனால் பிள்ளைக்கு முக்கால்வாசி என்ன, கால்வாசியும் கிடையாது. வழக்கை மறுபடி திறந்தால்தான் பிழைப்பு. மூன்று மாத அவகாசம் முடிந்து நூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

கணவன் மனைவிக்குள் என்ன சண்டை என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

"நான் ஏன் வர்லன்னா தம்பி..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அண்ணே, அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். உங்களுக்குக் காமால."

"எனக்கா?"

"ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும். படுத்த படுக்க. கீழாநெல்லி."

"இல்ல தம்பி, அந்த சம்மன் வந்தப்ப..."

"சம்மன்லாம் வேணாம்ணே. காமாலன்னா காமாலதான். இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒரு கையெழுத்து."

மூன்றாவது முறையும் அவர் வாயைத் திறந்தார். நான் பேனாவை நீட்டினேன். போட்டுவிட்டார். படித்துப் பார்க்கவில்லை.

வக்கீலம்மா ஹியரிங்குக்குக் கிளம்பும் அவசரத்தில் கட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "ஏன் வரலன்னு அவரக் கேட்டியாடா?"

"கேட்டேம்மா. ஒடம்பு சரியில்லியாம்."

தங்கச்சி, தம்பி, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கம்ப்யூட்டரில் இருந்த பொய் எனக்கு முன்னாலேயே இருந்தது. 'கேட்டேன்' என்றது மட்டும் நானே சொந்தமாகத் தயாரித்தது.

விசாரணை நாள் வந்தது. அன்றைய லிஸ்டில் எங்களுடையதைச் சேர்த்து மூன்று காமாலை. மற்ற இரண்டும் வேறு ஆபீஸ்காரர்கள் போட்டது. மாஜிஸ்திரேட்டும் ஒரு பெண்மணிதான். மூன்றாவது அஃபிடவிட்டைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஊர்ல தண்ணிய காய்ச்சித்தான குடிக்கிறீங்க எல்லாரும்?" என்றார்.

கோர்ட்டே சிரித்தது. கதவோரம் நின்ற நானும் சிரித்தேன். அதுதான் அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது.

ராஜாங்கம் கூண்டில் ஏறினார். கலைவாணிக்கு இலவசச் சட்ட உதவியில் ஒரு இளம் வக்கீல் வந்திருந்தார். வழக்கமான இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அவர் உட்காரப் போனபோது, பின்னாலிருந்து கலைவாணி எழுந்தார். விரல் நகத்தில் பச்சை வர்ணம் காய்ந்திருந்தது.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

"ஒங்களுக்குத்தான் வக்கீல் இருக்காங்களே."

"இருக்காங்கம்மா. ஆனா அந்தக் கறிக்கொழம்பப் பத்தி அவங்களுக்குத் தெரியாது."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "கேளுங்க" என்றார்.

கலைவாணி கணவனைப் பார்த்தார். "வைகாசில கம்மாபொரத்துல எங்க கொலதெய்வம் கோயில்ல இனியாவுக்குக் காது குத்தனோமே. நீங்க வந்தீங்களா, இல்லியா?"

ராஜாங்கம் தலையைக் குனிந்தார். "வந்தன்."

"கூப்புட்டமா?"

"இல்ல."

"கடசிப் பந்தில, தூணோரமா ஒக்காந்தீங்க. யாரு பரிமாறனது?"

"நீதான்."

"எத்தினி தடவ கொழம்பு வாங்குனீங்க?"

"ரெண்டு தடவ."

"எலும்பு?"

கலைவாணி மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். "நல்லி எலும்பு இருந்தா போடுன்னு கேட்டாரும்மா. நானும் போட்டன். காமாலக்காரங்க எண்ணெகூட சேத்துக்க மாட்டாங்க. இவரு எலும்ப ஒறிஞ்சிட்டு எழுந்து போனாரு."

இந்த முறையும் கோர்ட்டு சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

"ராஜாங்கம், உங்களுக்குக் காமாலை இருந்துதா?"

பாவம், அந்த மனிதர் மாஜிஸ்திரேட்டைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்க்கவில்லை. நேராகக் கதவோரம் இருந்த என்னைப் பார்த்தார். பரீட்சையில் பக்கத்துப் பையன் காட்டியதை எழுதி மாட்டிக்கொண்டவன் அவனையே பார்ப்பதுபோல. அவர் கண் போன வழியே வக்கீலம்மாவின் தலையும் திரும்பியது. அதற்குப் பின்னால் மாஜிஸ்திரேட்டின் தலை.

வக்கீலம்மா எழுந்து, சரியான விவரத்தோடு வர ஒரு வாய்தா வேண்டும் என்றார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்ட மனுவுக்கே அவகாசம் கேட்ட ஆபீசு எங்களுடையதாகத்தான் இருக்கும். "வெள்ளிக்கிழமை" என்றார் மாஜிஸ்திரேட். "அன்னிக்குச் சொல்றது உண்மையா இருக்கணும். இந்த அஃபிடவிட்டுக்கு என்ன செய்யறதுன்னும் அன்னிக்குத்தான் பாப்பேன்."

வராண்டாவுக்கு வந்ததும் திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். வக்கீலம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"கேட்டேன்னு சொன்னியே?"

"அவரு சொல்லத்தான் வந்தாரும்மா. நான் வுடல."

"பொய்ச் சத்தியம்னு நடவடிக்க எடுத்தா உன்ன உள்ள போட மாட்டாங்க. கையெழுத்து அவரோடது." கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். "வாரண்ட்ட நிறுத்தி வைக்க வந்த ஆளுக்கு ரெண்டாவது கேஸ் வாங்கிக் குடுத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கவனித்தீர்களா? 'குடுத்திருக்க' என்று சொல்லவில்லை, 'குடுத்திருக்கோம்' என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

டீக்கடையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எந்த வியாதிக்கு எந்தத் தேதியில் வேண்டுமோ அந்தத் தேதியில் சர்டிபிகேட்டு கொண்டுவந்து தருவது அவர் தொழில். கோர்ட்டுக்குள் நடந்தது எனக்கு முன்னாலேயே அவர் காதுக்குப் போயிருந்தது.

"என்னா சதீஷு, காமாலக்கு மட்டன் போட்டுட்டியாமே?" என்றார். "கவலப்படாத. நாளைக்கே தரன். வைகாசில மட்டும் ஒடம்பு தேறி, மறுபடி வந்துச்சின்னு எழுதிக்கலாம். திரும்பி வர காமாலயும் இருக்குது."

சொன்னால் கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மனசுக்குள் வாசகம்கூட ஓட ஆரம்பித்துவிட்டது. 'இடையில் சிறிது குணமடைந்து...' அப்போது பக்கத்தில் நின்ற ராஜாங்கம் என் கையைத் தொட்டார்.

"அப்டியே பண்ணிடுங்க தம்பி. எங்க கையெழுத்துப் போடணும்?"

தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை. நான் நீட்டினால் போடுவார். எதை நீட்டினாலும் போடுவார். அந்த ஆளுக்கு ஜெயிலுக்கும் வேலைக்கும் நடுவே இருந்தது என் பேனா ஒன்றுதான்.

"அண்ணே, நீங்க டீ குடிங்க" என்றேன் சர்டிபிகேட்டுக்காரரிடம். "எங்க கட்சிக்காரருக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது."

மறுநாள் மத்தியானம் தொழிற்பேட்டைக்குப் போனேன். ராஜாங்கத்துக்குச் சூளையை விட்டு வர முடியாத நாள். தகரக் கொட்டகைக்குள் அனல். வாசலோரம் வேகாத ஃபியூஸ் கட்டைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு சாக்கைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க சொல்ல வந்தத இப்ப சொல்லுங்க. நான் குறுக்க பேச மாட்டன்."

"அதான் காமாலன்னு போட்டாச்சே தம்பி."

"அத வுடுங்க."

அவர் எழுந்து போய்ச் சூளையின் சின்ன ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்து பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். நாலைந்து ஜோக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"சம்மன நான்தான் வாங்கினன்" என்றார் கடைசியில். "கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினன். எழுத்துக் கூட்டிப் படிச்சன். மொதல்ல அவ பேரு. சரி, சண்ட போட்டுக்கினு போனவ, போடறா. ரெண்டாவதா இனியா பேரு இருக்குது தம்பி. அஞ்சு வயசு. அதுக்கு அதும் பேர எழுதத் தெரியாது. கீழ எம் பேரு."

பிள்ளைக்காகப் போடும் வழக்கில் பிள்ளையை இரண்டாவது மனுதாரராகப் போடுவது நமக்கு வழக்கம். தினம் டைப் அடிக்கிறோம். எனக்கு அந்த வரி கண்ணில் பட்டதே இல்லை.

"நான் வந்தா என்னா கேப்பாங்க? குடுக்கிறியா மாட்டியான்னு கேப்பாங்க. அவ்ளோலாம் முடியாதுங்கன்னு நான் சொல்லணும். யாரு கேட்டதுக்கு முடியாதுன்னு சொல்றன்? எம் பொண்ணு கேட்டதுக்கு. வாய் வர்ல தம்பி. வராம இருந்துட்டா தானா அடங்கிடும்னு நெனச்சன்."

"ஒரு தடவகூட வரலியா?"

"வாசல் வரைக்கும் வந்தன். டவாலி பேரு கூப்ட்டாரு. கலைவாணி, இனியான்னு சத்தமா கூப்ட்டாரு. அந்த எடத்துல எம் பொண்ணு பேரக் கேட்டதும் சைக்கிள எடுத்துக்கினு வந்துட்டன்."

"அப்பறம் காது குத்துக்கு மட்டும் எப்டிப் போனீங்க?"

"அங்க போனா எதுவும் சொல்ல வேணாமே. ஒக்காந்து பாத்துட்டு வரலாம். தாய்மாமன் மடியிலதான ஒக்கார வெச்சிக் குத்துனாங்க. நான் தூணோரம் நின்னன். அழுவும்னு நெனச்சன், அழுவல. கறி போட்டாங்க. பசி. சாப்ட்டன்."

நான் அவருக்குக் கொடுத்த பொய்யை உடைத்ததும் அந்தக் கறிக்குழம்புதான். பிள்ளையைப் பார்க்க வருவார், பதில் சொல்ல மட்டும் வரமாட்டார் என்ற இந்த உண்மைக்கு இப்போது சாட்சியாக நிற்கப்போவதும் அதே கறிக்குழம்புதான். பரிமாறியவர் எதிர்க்கட்சியிலேயே இருக்கிறார். இதைவிட நல்ல சாட்சி எந்த வழக்கில் கிடைக்கும்? முதல் நாளே மூன்று நிமிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஊருக்கே பொருந்துகிற காரணத்தை எழுதினால், அந்த ஒரு ஆளுக்கு என்று அதில் எதுவும் இருக்காது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஆபீசுக்கு வந்து அவர் சொன்னபடியே எழுதினேன். படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் திருத்தினார்: சைக்கிளில் போனதை 'விரைந்து சென்றுவிட்டேன்' என்று நான் கொஞ்சம் ஜோடித்திருந்தேன். "வெரசாலாம் போவல தம்பி, தள்ளிக்கினுதான் போனன்" என்றார். மாற்றினேன். பிறகுதான் கையெழுத்து.

வக்கீலம்மா படித்துவிட்டு, "மொதல் அஃபிடவிட்டுக்கு என்ன சொல்லப் போறோம்?" என்றார்.

"அத நான் சொல்றம்மா. என் பேர்ல ஒண்ணு போட்டுக் குடுக்கறன்."

"கோர்ட்டு உம்மேல ஏதாவது எழுதினா குமாஸ்தா கார்டு போயிடும். தெரியுமா?"

"தெரியும்மா."

அவர் வேண்டாம் என்று சொல்லுவார் என்று ஒரு ஓரத்தில் நம்பிக்கை இருந்தது. சொல்லவில்லை. "எழுது" என்றார். 'மனுதாரர் காரணத்தைச் சொல்ல வந்தபோது நான் தடுத்துவிட்டு, கணினியில் இருந்த பழைய வாசகத்தை இட்டேன். அவர் சொன்னதல்ல' என்று டைப் அடித்தேன். எத்தனையோ பேருக்குச் சத்தியப் பத்திரம் அடித்தவன், என் பெயரில் அடிக்கும்போது விரல் எழுத்தைத் தேடியது. எனக்கும் ஒரு காமாலை போட்டுக்கொண்டு அன்றைக்கு லீவு எடுக்கலாமா என்று தோன்றியது. அதை மட்டும் விழுங்கவில்லை, வாய்விட்டே சொன்னேன். வக்கீலம்மா சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. மாஜிஸ்திரேட் இரண்டையும் படித்தார். ராஜாங்கத்தினுடையதை மறுபடி ஒரு முறை படித்தார்.

"குமாஸ்தா யாரு?"

பள்ளிக்கூடத்தில் தூக்காத கையைத் தூக்கினேன்.

"இதுவரைக்கும் எத்தன பேருக்கு இந்த வியாதியக் குடுத்திருக்கீங்க?"

"எண்ணலீங்கம்மா."

"இனிமே?"

"கேட்டுட்டு எழுதறங்கம்மா."

என்னைச் சில விநாடி பார்த்துக்கொண்டே இருந்தார். "நிக்காதீங்க, போய் ஓரமா ஒக்காருங்க" என்றார். முதல் அஃபிடவிட்டைத் திரும்பப் பெற அனுமதித்து ஒரு வரி எழுதினார். என்னைப் பற்றி எழுதவில்லை.

பிறகு ராஜாங்கத்தின் காரணத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். டவாலி பெயர் கூப்பிட்ட இடம் வந்தபோது கலைவாணியைத் திரும்பிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிட்டோம், அழகாகவும் இருக்கிறது, அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். துடைக்கவில்லை.

"உங்களுக்கு ஆட்சேபணை இருக்காம்மா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"இது நெசமாத்தாம்மா இருக்கும். அவரு அப்டித்தான். சண்டன்னா எழுந்து போயிடுவாரு." கலைவாணி கணவன் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா அவரு எம் பொண்ண பாத்து முடியாதுன்னு சொல்லக் கூடாதுன்னு வராம இருந்தாராம். சந்தோசம். அவரு வராத நாளெல்லாம் நான்தான அவளப் பாத்து முடியாதுன்னு சொன்னன். ஸ்கூலு தொறந்ததுலேர்ந்து வேனுக்குக் குடுக்க முடியாதுன்னு சொன்னன். நடந்துதான் போவுது. நூத்திப் பன்னண்டு நாளுன்னு எழுதியிருக்காங்க. அதுல லீவு போவ மிச்சம் எல்லா நாளும் நடந்துச்சி."

ராஜாங்கம் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நூற்றுப் பன்னிரண்டை எண்ணி எழுதியது நான். காலண்டரை வைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். அது எதிர்ப்பக்கத்தில் ஒருவருக்கு எத்தனை நாள் என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

"மறுபடி விசாரிக்கட்டும்மா" என்றார் கலைவாணி. "பொண்ணு பாக்க வந்தப்ப சூளயில எங்களுக்கும் பங்கு இருக்குதுன்னுதான் சொன்னாங்க, அதத்தான் நானும் சொன்னன். இல்லன்னா இல்லன்னு வந்து சொல்லட்டும். ஆனா ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரே வரணும்."

தாமதம் மன்னிக்கப்பட்டது, நிபந்தனையோடு. வாரண்ட் நிறுத்தி வைக்கப்பட்டது. படிப்பு ஆண்டு முடியும்வரை பிள்ளையின் வேன் கட்டணத்தை நாலு வாரத்துக்குள் கட்டி, ரசீதைக் கோர்ட்டில் போட வேண்டும். கட்டாவிட்டால் மனு தள்ளுபடி, வாரண்ட் மறுபடி உயிர் பெறும்.

வெளியே வந்ததும் ராஜாங்கம் கலைவாணிக்குப் பின்னால் நாலடி தள்ளி நடந்து, வேப்பமரத்தடியில் எட்டிப் பிடித்தார்.

"எவ்ளோ தூரம் இருக்கும்?"

"எது?"

"ஸ்கூலு."

"ஒண்ணர கிலோமீட்டரு. மழ பேஞ்சா ஓடையச் சுத்திப் போவணும்." அவ்வளவுதான் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

மறு விசாரணை பிறகு நடந்தது. ராஜாங்கம் எல்லா வாய்தாவுக்கும் வந்தார். 'அவ்ளோ முடியாதுங்க' என்று சொன்னார், வாய் வந்தது. தொகை குறைந்தது, அவர் கேட்ட அளவுக்குக் குறையவில்லை. வேலை தங்கியது. கம்ப்யூட்டரில் இருந்த காமாலையை நான் அழித்துவிட்டேன். உங்கள் ஆபீசில் இருந்தால் அது நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது. என் கடைக்கு ஜெராக்ஸுக்கு வந்தால் முதல் பக்கத்தைப் படித்துப் பார்ப்பேன், சொல்லிவிட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கள்கிழமை. காலையில் ஆபீசைத் திறக்கும்போதே ராஜாங்கம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சனிக்கிழமையே முதலாளியிடம் முன்பணம் வாங்கி, வேன்காரர் வீட்டைத் தேடிப் பிடித்து, வருடம் முழுசுக்கும் கட்டிவிட்டு வந்திருந்தார். ரசீதை நீட்டினார்.

பழைய புத்தி எனக்கு அவ்வளவு சீக்கிரம் போகுமா?

"என்னாண்ணே அவசரம்? நாலு வாரம் இருக்குதே. அது முடிஞ்சா இன்னும் ரெண்டு வாரம் நாங்களே கேட்டு வாங்கித் தருவமே."

"அது நமக்குத் தம்பி" என்றார் ராஜாங்கம். "புள்ளைக்கு இன்னிக்கு ஸ்கூலு இருக்குதுல்ல."